கையால் செய்த மர வில்: வேகம் எங்கே தொலைகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றிரண்டு வில் செய்து முடித்து, அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வில்லில் உடையாமல் முடித்தால் போதும் என்றிருக்கும். இரண்டாவது வில்லில்தான் இது ஏன் இவ்வளவு மந்தமாக எய்கிறது என்ற கேள்வி வரும்.

முதலில் சில சொற்கள். வில்லில் இலக்கைப் பார்த்த பக்கம் முதுகு, எய்பவரைப் பார்த்த பக்கம் வயிறு. கைப்பிடிக்கு மேலேயும் கீழேயும் வளைகிற பகுதிகளைத் தண்டு என்று சொல்கிறேன். நாண் மாட்டும் வெட்டு குதை. நாணை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிப் பதில்களை நீங்களே ஊகித்துவிடலாம்.

என் வில் 50 பவுண்டு இழுக்கிறது. ஆனால் நண்பரின் 45 பவுண்டு வில் அதைவிட வேகமாக எய்கிறது. எப்படி?

50 பவுண்டு என்பது இழுப்பின் கடைசிப் புள்ளியில் தராசு காட்டும் எண் மட்டுமே. அம்புக்குப் போவது அந்த எண் அல்ல, இழுத்த தூரம் முழுவதும் நீங்கள் சேர்த்துவைத்த ஆற்றல். நாண் உயரம் (நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே உள்ள தூரம்) 6 அங்குலம், இழுப்பு 28 அங்குலம் என்றால் நீங்கள் இழுக்கும் தூரம் 22 அங்குலம். விசை பூஜ்யத்திலிருந்து 50 வரை நேர்கோடாக ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், சேரும் ஆற்றல் ஏறக்குறைய 62 ஜூல்.

நல்ல வில்லில் விசை முதல் சில அங்குலங்களிலேயே சட்டென்று ஏறிவிடும். கூன் விழுந்த வில் தொடக்கத்தில் நூல் இழுப்பது போல லேசாக வரும். பிறகு கடைசி நான்கு அங்குலத்தில் எடையெல்லாம் ஒன்றாக வந்து சேரும். இரண்டும் 50 பவுண்டுதான். ஆனால் உள்ளே சேர்ந்த ஆற்றல் வேறு.

அடுத்தது, சேர்ந்த ஆற்றல் எல்லாம் அம்புக்குப் போய்விடுவதில்லை. 500 கிரெயின் (சுமார் 32 கிராம்) அம்பு நொடிக்கு 150 அடி வேகத்தில் கிளம்பினால் அது எடுத்துக்கொண்டது சுமார் 34 ஜூல். 170 அடி என்றால் 43 ஜூலுக்கும் மேல். மீதி தண்டுகளையும் நாணையும் ஆட்டுவதிலும், மரத்துக்குள் வெப்பமாகவும், உங்கள் மணிக்கட்டில் உதறலாகவும் போய்விடுகிறது. 50 பவுண்டு மர வில்லுக்கு 500 கிரெயின் அம்பில் 150 அடி என்பது சுமார். 165 முதல் 170 வரை வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

கூன் என்று சொல்கிறீர்களே, அது என்ன?

நாணைக் கழற்றிய பிறகும் வில் பழையபடி நேராகாமல் எய்பவர் பக்கமாக வளைந்தே நிற்பது. மரம் இழுவிசையை நன்றாகத் தாங்கும். நசுக்கத்தை அந்த அளவுக்குத் தாங்காது. அதனால் பெரும்பாலான வில்களில் முதலில் தோற்பது வயிறுதான். வயிற்றுப் பக்க நார்கள் ஒரு அளவுக்கு மேல் நசுங்கினால் திரும்ப நிமிராது. மிஞ்சிப்போனால் வயிற்றில் குறுக்காக மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் கண்ணுக்குப் படாது.

நேரான கட்டையில் செய்த வில்லில் ஒன்றரை அங்குலத்துக்குள் கூன் இருந்தால் நல்லது. இரண்டு வரை பரவாயில்லை. மூன்றைத் தாண்டினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. நாணைக் கழற்றிய உடனே அளங்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் மரம் கொஞ்சம் மீண்டிருக்கும். நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ள அது போதும்.

எந்த மரம் வேகமானது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் சண்டை நடக்கிறது, தேவையில்லாமல். யூ, ஓசேஜ் ஆரஞ்சு இரண்டும் அருமையான வில் மரங்கள், சந்தேகமில்லை. 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட நீள்வில்கள் யூ மரத்தில் செய்தவை. யூவில் வெளிப்புற வெள்ளை மரம் இழுவிசையைத் தாங்கும், உள்ளே இருக்கும் வைரம் பாய்ந்த மரம் நசுக்கத்தைத் தாங்கும். இயற்கையே ஒட்டிக் கொடுத்த இரண்டு அடுக்கு அது.

ஆனால் டென்மார்க்கின் ஹோல்மகார்டில் கிடைத்த, சுமார் 9000 ஆண்டுகள் பழைய வில் எல்ம் மரத்தில் செய்தது. எல்ம், ஆஷ், ஹிக்கரி, மேப்பிள் போன்ற வெளிர் மரங்களிலும் யூவுக்கு ஈடாக எய்கிற வில் செய்ய முடியும், அந்த மரத்துக்கேற்ற வடிவத்தைக் கொடுத்தால். அகலம் குறைவாகவும் தடிமன் கூடுதலாகவும் செய்கிற யூ வடிவத்தை மேப்பிளில் அப்படியே செய்தால் வயிறு நசுங்கும். பழி மரத்தின் மேல் விழும்.

மரத்தின் பெயரைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். நார் கட்டையின் நீளத்துக்கு நேராக ஓடவேண்டும். முதுகில் ஒரே ஆண்டு வளையம் முனையிலிருந்து முனைவரை வெட்டுப்படாமல் இருக்கவேண்டும். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஈரமான மரம் கூன் விழும், மிகையாகக் காய்ந்த மரம் உடையும். ஈரமானி இல்லையென்றால் கட்டையைத் தராசில் வைத்துத் தினமும் எடையைச் சுவரில் எழுதி வாருங்கள். எண் ஒரு வாரமாக நகரவில்லை என்றால் அந்த அறையின் காற்றுக்கு ஏற்ப மரம் காய்ந்துவிட்டது. அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் மரமும் ஏறக்குறைய 9 சதவீதத்தில் நிற்கும்.

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் எப்படி முடிவு செய்வது?

கைப்பிடி வளையாத வில்லுக்கு என் கணக்கு: இழுப்பு நீளத்தை இரண்டால் பெருக்கி, கைப்பிடிக்கும் அதன் இருபுறச் சரிவுக்கும் 8 முதல் 10 அங்குலம் கூட்டுங்கள். 28 அங்குல இழுப்புக்கு 64 முதல் 66 வரும். புதியவர் என்றால் இன்னும் இரண்டு அங்குலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அகலமும் தடிமனும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. தடிமனை இரட்டித்தால் எட்டு மடங்கு. 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு மில்லிமீட்டரைச் சீவினால் அந்த இடத்தின் விறைப்பில் 27 சதவீதம் போய்விடும். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பத்து சதவீதம்தான் போகும். கடைசிக் கட்டத்தில் இழைப்புளியைத் தொடாதீர்கள், சுரண்டியோடு நிறுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு பக்கம், ஒரே அளவு வளைவில் தடிமனான தண்டின் வயிறுதான் அதிகமாக நசுங்கும். எனவே நசுக்கம் தாங்காத மரத்தை அகலமாகவும் மெல்லிசாகவும் விடவேண்டும். 50 பவுண்டுக்கு ஓசேஜில் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குல அகலம் போதும். மேப்பிள், ஆஷ் என்றால் ஒன்றே முக்கால் முதல் இரண்டு அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் தட்டையாக விடுங்கள். உருண்டையான வயிற்றில் நடுமேடு மட்டும் எல்லாச் சுமையையும் வாங்கும். 1930-களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் போன்ற இயற்பியலாளர்கள் வில்லைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தட்டையான குறுக்குவெட்டை ஆதரித்ததும் இந்த அடிப்படையில்தான்.

தண்டு எந்த வடிவத்தில் வளையவேண்டும்?

அது நீங்கள் வெட்டிய வடிவத்தைப் பொறுத்தது. கைப்பிடியில் அகலமாகத் தொடங்கி முனைவரை நேர்கோட்டில் குறுகும் தண்டு என்றால் தடிமன் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், வளைவு வட்டத்தின் துண்டு போல வரவேண்டும். பாதி தூரம் ஒரே அகலத்தில் போய்ப் பிறகு குறுகுவது என்றால் தடிமன் சீராகக் குறையும், வளைவு நீள்வட்டம் போல வெளிப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக வரும். முதல் வடிவத்துக்கு இரண்டாவதின் வளைவைக் கொடுத்தால் வெளித்தண்டு நசுங்கும். படங்களில் பார்க்கும் அழகான வளைவை எல்லா வில்லுக்கும் திணிக்கும் பழக்கம் என்னிடமும் இருந்தது. மூன்று வில் கூன் விழுந்த பிறகுதான் விட்டது.

டில்லரிங் செய்யும்போது கூன் விழாமல் எப்படித் தடுப்பது?

வளைவைச் சீராக்கும் இந்தக் கட்டத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். என் அனுபவத்தில் வேகத்தில் பெரும்பகுதி தொலைவது இங்கேதான், வில் ஒரு அம்பைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே.

முதல் விதி: முடிவில் எத்தனை பவுண்டு வேண்டுமோ அதற்கு மேல் எந்தக் கட்டத்திலும் இழுக்காதீர்கள். 50 பவுண்டு வில் வேண்டும்; இப்போது 14 அங்குலத்திலேயே தராசு 50 காட்டுகிறது என்றால் 14-இல் நிறுத்தி, இறக்கி, மரத்தை எடுங்கள்.

இரண்டாவது: வளைவு சரியில்லாதபோது மேலும் இழுக்காதீர்கள். ஓரிடம் மட்டும் கீல் போல மடிகிறது என்றால் ஒவ்வொரு இழுப்பும் அந்த இடத்தை மட்டும்தான் நசுக்குகிறது. பிறகு மற்ற இடங்களைச் சரி செய்தாலும் அங்கே நசுங்கியது நசுங்கியதுதான். பலவீனமான இடத்தை விட்டுவிட்டு, அதன் இருபுறமும் விறைப்பாக இருக்கும் இடத்தில்தான் சுரண்டவேண்டும்.

விறைப்பான இடம் எங்கே என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதற்கு ஒரு சின்ன உபாயம் உண்டு. ஆறு அங்குல நீளத்தில், ஒரு பக்கம் துல்லியமாகத் தட்டையான மரத்துண்டு ஒன்றை எடுத்து நடுவில் துளையிட்டு, ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகுங்கள். நாணேற்றிய வில்லின் வயிற்றில் இதை வைத்தால் துண்டின் இரு முனையும் தொடும், நடுவில் இடைவெளி தெரியும். இடைவெளி அதிகமாக இருக்கும் இடத்தைத் தேடி, அங்கே பென்சில் நுனி மரத்தைத் தொடாமல் மயிரிழை விலகி நிற்கும்படி வையுங்கள். இப்போது துண்டைத் தண்டு நெடுக மெதுவாக நகர்த்துங்கள். வளைவு குறைவான இடம் வந்ததும் பென்சில் உரசிக் கோடு போடும். அந்தக் கோடு மறையும்வரை மட்டும் சுரண்டுங்கள். முதல் முறை செய்தபோது, நான் நன்றாக வளைகிறது என்று நம்பிய தண்டில் கைப்பிடியை ஒட்டி எட்டு அங்குலத்துக்குக் கோடு விழுந்தது. கண்ணை நம்பியிருந்தால் அந்த வில் நடுத்தண்டில் மடிந்திருக்கும்.

சுரண்டியதும் உடனே மறுபடி சுரண்டாதீர்கள். இருபது முப்பது முறை பாதி இழுப்பு இழுத்துவிட்டு வளைவைப் பாருங்கள். எடுத்த மரத்தின் விளைவு தாமதமாகத்தான் தெரியும்.

மூன்றாவதுதான் நான் பிந்திக் கற்றது. தாழ்வாக நாணேற்றியதும் ஒரு குறிப்புப் புள்ளியை வைத்துக்கொள்ளுங்கள். 18 அங்குலத்தில் 42 பவுண்டு என்று எழுதிவையுங்கள். பிறகு 20 வரை சில முறை இழுங்கள். மரத்தைத் தொடாமல் மறுபடி 18-க்கு வந்து தராசைப் பாருங்கள். 42 அப்படியே இருந்தால் மரம் சேதமில்லாமல் இருக்கிறது, தொடரலாம். 41 என்று காட்டினால் எங்கோ வயிறு நசுங்கத் தொடங்கிவிட்டது. அப்போதே நிறுத்தி அந்த இடத்தைத் தேடுங்கள். எங்கேயும் தவறு தெரியவில்லை, தண்டு முழுவதும் சீராக வளைகிறது என்றால் இந்தக் கட்டைக்கு இந்த எடை அதிகம் அல்லது மரம் இன்னும் ஈரம். 50-ஐ விட்டு 45-க்கு இறங்குங்கள். கூன் விழுந்த 50-ஐவிட நிமிர்ந்து நிற்கும் 45 வேகமாக எய்யும். முதல் கேள்வியில் வந்த நண்பரின் வில் அப்படித்தான் இருந்திருக்கும்.

முனைகளை எவ்வளவு மெலிதாக்கலாம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக. நாணை விட்டதும் வில்லில் அதிகத் தூரம், அதிக வேகத்தில் போவது முனைதான். அங்கே இருக்கும் ஒவ்வொரு கிராமையும் வில் தூக்கி ஓடவேண்டும். கைப்பிடியில் அரைக் கிலோ கூடுதலாக இருந்தாலும் வேகத்துக்கு ஒன்றும் ஆகாது. ஹோல்மகார்டு வில்லின் தண்டும் முனையை நோக்கிக் குறுகித்தான் போகிறது.

கடைசி ஆறு அங்குலம் ஏறக்குறைய வளையாமல் இருக்கட்டும். வளையாத இடத்தில் அகலம் வீண். அங்கே பக்கவாட்டில் குறைத்து, தடிமனைச் சற்று விடுங்கள். குதைக்குப் பக்கத்தில் அகலம் 10 மில்லிமீட்டர் வரை வரலாம். குதைகளைப் பக்கவாட்டில் ஆழமாக வெட்டினால் இவ்வளவு ஒல்லியான முனை தாங்காது. முதுகில் ஒரு கெட்டி மரத்துண்டை ஒட்டி அதில் வெட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கை: முனையைக் குறுக்குவதற்கு முன் நாண் இரு முனைகளிலிருந்தும் கைப்பிடியின் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள். கோணலாக இருக்கும் வில்லில் முனையை ஒல்லியாக்கினால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

வயிற்றைச் சூடுபடுத்தினால் வேகம் கூடுமா?

வெளிர் மரங்களில் கூடும். ஹீட் கன்னால் வயிற்றைப் பொறுமையாகச் சூடேற்றினால் வயிற்றுப் பக்கம் விறைப்பாகி நசுக்கத்தை நன்றாகத் தாங்கும். எப்போது செய்வது என்பதுதான் முக்கியம்: தண்டுகள் தரையில் ஊன்றி அழுத்தும்போது சீராக வளையத் தொடங்கிய பிறகு, முழு இழுப்புக்குப் போகும் முன். வில்லை ஒரு பலகை அச்சில், முனைகள் இலக்குப் பக்கமாக ஓரிரு அங்குலம் தள்ளியிருக்கும்படி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். காற்று நுனியை வயிற்றிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தள்ளிப் பிடித்து, இளம்பழுப்பு நிறம் வரும்வரை ஓரிடத்தில் நின்று, பிறகு நகருங்கள். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே ஒன்றும் ஆகாது. முதுகுக்குச் சூடு போகக்கூடாது.

அப்புறம் ஒரு வாரம் தொடாதீர்கள். சூட்டில் வற்றிய ஈரம் காற்றிலிருந்து திரும்பவேண்டும். நான் ஒருமுறை மறுநாளே நாணேற்றினேன். இருபது அங்குலம் தாண்டவில்லை, துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மேல் தண்டு கையைவிட்டுப் பறந்து கூரையில் குழி போட்டது.

முனைகளை முன்பக்கம் வளைத்தால்?

நாணேற்றியதும் இறுக்கம் அதிகமாக இருக்கும், முதல் அங்குலங்களிலேயே விசை ஏறும். ஆற்றல் கூடுதலாகச் சேரும். ஆனால் வளைத்த முனையின் எடை அதிகமாகிவிட்டால் சேர்ந்ததை அதுவே தின்றுவிடும். மரத்துக்கும் சுமை கூடும். இரண்டு அங்குலத்தோடு நில்லுங்கள். கூன் விழாமல் ஒரு நேர் வில்லைச் செய்ய வராதவருக்கு இது இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

முதுகில் எதையாவது ஒட்டுவதால் பயன் உண்டா?

பதப்படுத்தாத தோலும் பட்டும் பாதுகாப்புக்கு. சிம்பு எழாமல் தடுக்கும், வேகம் தராது. விலங்கின் தசைநாரைப் பசையோடு ஒட்டுவது வேறு கதை. அது நீண்டு சுருங்கும், குட்டை வில்லுக்கு ஏற்றது, ஆனால் எடை கூடுதல், ஈரம் பட்டால் தொல்லை.

மூங்கில் அருமையான முதுகு. சிக்கல் என்னவென்றால் அது இழுவிசையில் அவ்வளவு வலுவானது, பலவீனமான வயிற்றை நசுக்கியே விடும். மூங்கிலை மிக மெல்லிசாக இழைத்து, முதுகை வயிற்றைவிடச் சற்றுக் குறுகலாக வெட்டினால் இருபக்கமும் சமன் ஆகும்.

நாண் மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும், இதைவிட மலிவான மேம்பாடு கிடையாது. நாணின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அம்போடு சேர்ந்து பறக்கும் எடை போலவே நடந்துகொள்ளும். நாணில் 60 கிரெயின் குறைத்தால் அம்பில் 20 குறைத்த மாதிரி. டேக்ரான் என்ற பாலியஸ்டர் இழையைவிட நீளாத, மெல்லிய புதுவகை இழைகள் நல்லவை. அவை குதையை அறுக்காமல் இருக்க, கண்ணிப் பகுதியில் மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிமனாக்குங்கள்.

இழுக்கும் எடை குறைந்துபோன வில்லில் அதை மறுபடி கூட்ட முடியுமா?

இரு முனையிலும் ஒவ்வொரு அங்குலம் வெட்டிப் புதுக் குதை போட்டால் நாலைந்து பவுண்டு ஏறும். வயிற்றில் கோடு விழுந்த வில்லில் இதைச் செய்யாதீர்கள்.

மேம்பட்டதா என்று எப்படி அளப்பது?

வேகமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஆளரவமற்ற திறந்த வெளியில் ஒரே அம்பை, ஒரே இழுப்பில், ஒரே சாய்வில் பத்து முறை எய்து சராசரித் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முழு இழுப்பில் நொடிக்கணக்கில் பிடித்து நிற்காதீர்கள். மர வில் அந்த நேரத்திலேயே கொஞ்சம் தளரும். அம்பில்லாமல் நாணை விடவே கூடாது.

முடித்து எண்ணெயும் பூசியாகிவிட்டது. இனி ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். முதலில் நாணை மாற்றி அளங்கள். அப்புறம் முனைகளின் பக்கவாட்டில் முள்ளரத்தை விட்டு நுண்ணரத்தை மட்டும் எடுத்து, இருபுறமும் சமமாக, நாலைந்து கிராம் குறைத்து மறுபடி எய்து பாருங்கள். கையில் உதறல் குறைவது முதலில் தெரியும், எண் பிறகு. வளைவில் விறைப்பான இடம் இருந்தால் பென்சில் துண்டை எடுங்கள். இரண்டு பவுண்டு போகும், பரவாயில்லை. கூன் மட்டும் ஏற்கெனவே மூன்று அங்குலம் இருக்கிறது என்றால் அதை அப்படியே வைத்து எய்யுங்கள், அதன் எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி அடுத்த கட்டையில் ஒட்டிவிடுங்கள்.